எங்கே தட்டிச்சு?

போன செவ்வாய்க்கிழமை காலையில் காட்டுக்குப்பத்துப் பையன் ஒருவன் என்ஜினைச் சாக்கில் சுற்றி மீன்பாடி வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தான். 9.9 குதிரைத்திறன் அவுட்போர்டு. புரொப்பல்லரின் மூன்று இதழ்களில் ஒன்று பிறை மாதிரி கடிபட்டிருந்தது. இன்னொன்றின் நுனி மடங்கியிருந்தது. “புதுசு ஒண்ணு மாட்டிக் குடுண்ணா, சாயங்காலம் வலைக்குப் போவணும்” என்றான்.

“எங்கே தட்டிச்சு?” என்று கேட்டேன்.

“கழியிலதான்.”

“கழியில எங்க?”

“ரயில் பாலம் தாண்டி, கீழண்ட. தண்ணி நெறைய இருந்துச்சுண்ணா. எப்பவும் போற வழிதான்.”

எப்பவும் போற வழி. பட்டறை போட்ட நாளிலிருந்து நான் அதிகமாகக் கேட்ட பதில் இதுதான். தெரியாத இடத்தில் யாரும் வேகமாகப் போவதில்லை. தெரிந்த இடத்தில்தான் அடிபடுகிறார்கள்.

நான் எண்ணூர்க்காரன். நைனா கட்டுமரத்தில் தொழில் செய்தவர். நான் ஐடிஐ-யில் டீசல் மெக்கானிக் படித்துவிட்டு லாரி பட்டறையில் வேலைக்குப் போனேன். 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக ஃபைபர் படகுகளும் என்ஜின்களும் குப்பம் குப்பமாக வந்து இறங்கின. நேற்று வரை துடுப்பும் பாயும் பிடித்த கைகள் திடீரென்று கார்புரேட்டரைப் பிடித்தன. என்ஜின் கொடுத்தவர்கள் அதை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று பெரிதாகச் சொல்லித்தரவில்லை. முதல் வருஷத்திலேயே உப்பில் இறுகி நின்றவை ஏராளம். 2005-ல் லாரி வேலையை விட்டுவிட்டு இந்தப் பட்டறையை ஆரம்பித்தேன்.

கட்டுமரத்துக்கு அடி என்று ஒன்று கிடையாது. நாலைந்து மரத்தைக் கட்டினால் அதுதான் மரம். மணலில் தட்டினால் இறங்கித் தள்ளலாம், கல்லில் தட்டினால் மரம் கொஞ்சம் சிராய்க்கும், அவ்வளவுதான். அவுட்போர்டு மாட்டிய படகு அப்படியில்லை. படகின் அடிக்குக் கீழே இன்னும் ஒரு அடிக்கு மேல் ஒரு உலோகக் கால் தொங்குகிறது. அந்தக் காலுக்குள்தான் கியர், தண்டு, தண்ணீர் இழுக்கும் வழி எல்லாம் இருக்கின்றன. கண்ணுக்குத் தெரியாத இடத்தில், மிக மென்மையான உறுப்பை முன்னால் நீட்டிக்கொண்டு போகிறோம். ஃபைபர் வந்தபோது நாங்கள் புரிந்துகொள்ளாமல் விட்டது இதைத்தான்.

எண்ணூர்க் கழியைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். கழி என்றால் உப்பங்கழி. பூண்டி ஏரியிலிருந்து வரும் கொசஸ்தலை ஆறு இங்கேதான் கடலில் சேர்கிறது. குறுக்கே பக்கிங்காம் கால்வாய் வந்து கலந்து, வடக்கே பழவேற்காடு பக்கம் போகிறது. கால்வாயின் முதல் துண்டு, மெட்ராஸிலிருந்து எண்ணூர் வரை, 1806-ல் திறந்தது. அந்தக் காலத்தில் விறகும் உப்பும் ஏற்றிய படகுகள் போன வழி. இப்போது கரையோரம் அனல்மின் நிலையங்கள், நிலக்கரி இறங்கும் துறைமுகம், குழாய்கள். கழிக்குள்ளேயே உயர்மின் கோபுரங்கள் கால் ஊன்றி நிற்கின்றன.

அனல்மின் நிலையத்துச் சாம்பலைத் தண்ணீரில் குழம்பாகக் கரைத்துக் குழாய் வழியாகச் சாம்பல் குளத்துக்கு அனுப்புவார்கள். அந்தக் குழாய்கள் உடைந்து கழியில் கொட்டியது ஒருமுறை இரண்டுமுறை அல்ல. நைனா காலத்தில் கழுத்தளவு நின்ற இடத்தில் இன்று முழங்காலளவுதான் தண்ணீர். அதற்கடியில் சாம்பல். தண்ணீர் வெளுத்துப்போய், மேலே பார்த்தால் ஆழம் தெரியாது. மணல்மேடு இருந்தால் அதன் மேல் அலை சிலிர்க்கும், நிறம் மாறும். சாம்பல்மேடு அப்படிக் காட்டிக்கொடுக்காது. மேலே சேறு மாதிரி இளகி, கீழே இறுகிக் கிடக்கும்.

இது எனக்கு முதலில் தெரிந்தது கழியைப் பார்த்து அல்ல, என்ஜினைத் திறந்து பார்த்து.

அவுட்போர்டு என்ஜினுக்கு ரேடியேட்டர் கிடையாது. ஓடுகிற தண்ணீரையே உறிஞ்சி உடம்பைக் குளிர்வித்துக்கொள்ளும். உறிஞ்சுவது இம்பெல்லர் என்ற ஒரு ரப்பர்ச் சக்கரம், உள்ளங்கையில் அடங்கிவிடும். ஆறு இதழ் இருக்கும். அது சுற்றும் கிண்ணம் எவர்சில்வர். கடலில் மட்டும் ஓடும் என்ஜினில் இந்த ரப்பரை வருஷத்துக்கு ஒருமுறை மாற்றினால் போதும். கழியில் ஓடும் என்ஜின்களில் மூன்று நான்கு மாதத்திலேயே இதழ்களின் ஓரம் தேய்ந்து வந்தது. எவர்சில்வர் கிண்ணத்தில் ஊசியால் கீறியதுபோல் வட்டவட்டமாகக் கோடுகள். முதலில் ரப்பர் மட்டம் என்று கடைக்காரரோடு சண்டை போட்டேன். அப்புறம் தண்ணீர்ப்பாதையைத் திறந்து பார்த்தால் மூலையெல்லாம் சாம்பல் பசை. சாம்பல் என்றால் அடுப்புச் சாம்பல் மாதிரி மெத்தென்று நினைக்கக் கூடாது. நிலக்கரிச் சாம்பலின் துகள்களில் பெரும்பாலானவை உருகி உறைந்த கண்ணாடி உருண்டைகள். பட்டறையில் வால்வு தேய்க்க வைத்திருக்கும் பசைக்கும் அதற்கும் பெரிய வித்தியாசமில்லை.

அன்றிலிருந்து வருகிற ஒவ்வொரு அடிபட்ட சாமானையும், தேய்ந்த சாமானையும் பார்த்து எங்கே, எப்போது, தண்ணீர் ஏறும்போதா வடியும்போதா என்று கேட்டு எழுத ஆரம்பித்தேன். சென்னையில் கடல் ஏற்றவற்றம் பெரிதில்லை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக்கூட சுமார் ஒரு மீட்டர்தான். ஆனால் இரண்டடி தண்ணீரில் ஓடுகிறவனுக்கு அந்த ஒரு மீட்டர்தான் எல்லாம்.

எழுதி வைத்ததெல்லாம் முதல் சில வருஷம் வெறும் எழுத்தாகத்தான் இருந்தது. 2014-ல் நடந்த ஒன்றுதான் அதன் அர்த்தத்தை எனக்குக் காட்டியது.

ஐப்பசி மாதம். என் தாய்மாமா தன் என்ஜினைக் கொண்டுவந்தார். பின்னால் பீச்சுகிற தண்ணீர்த் தாரை மெலிந்துவிட்டது என்றார். திறந்து பார்த்தேன். இம்பெல்லரின் இதழ்கள் ஒரே பக்கம் வளைந்தபடியே நின்றுவிட்டிருந்தன, நிமிரவில்லை. மாற்ற வேண்டிய ரப்பர்தான். என்னிடம் அந்த அளவு இல்லை, கடையிலும் அன்று இல்லை. கிண்ணத்தைத் துடைத்து, பழையதையே திருப்பிப் போட்டு, “அடுத்த மாசம் மாத்திக்கலாம் மாமா, அதுவரைக்கும் தாங்கும்” என்றேன். இதழ் வளைந்த இம்பெல்லரைத் திருப்பிப் போடக் கூடாது, எதிர்ப்பக்கம் வளையும்போது வேரிலேயே விரிசல் விடும். இது எனக்குத் தெரியும். தெரிந்தும் செய்தேன்.

மூன்று வாரம் கழித்து மாமாவும் அவர் மகனும் விடியற்காலையில் மீன்பாடு முடிந்து திரும்பினார்கள். முகத்துவாரத்தில் மணல்மேடு. வடகிழக்குப் பருவம் ஆரம்பித்திருந்தது. வாடைக் காற்று, வடக்கிலிருந்து ஓடும் வன்னி நீவாடு என்ற நீரோட்டம், அலை ஒன்றன்மேல் ஒன்றாக உடைந்துகொண்டிருந்தது. முகத்துவாரத்துக்குள் வருகிறவன் வெளியே நின்று அலையை எண்ணுவான். பெரிய அலை மூன்றோ நாலோ போனபின், கடைசி அலையின் முதுகில் ஏறி, அதை முந்தாமல், பின்னால் வரும் அலை பிடிக்காமல் உள்ளே வந்துவிட வேண்டும். மாமா அதைத்தான் செய்தார், நாற்பது வருஷமாகச் செய்தது. மேட்டின் நடுவில் என்ஜின் நின்றது. கயிற்றை இழுத்தார், இறுகியிருந்தது. மூன்று இதழ் பிய்ந்துபோய்த் தண்ணீர் ஏறாமல் சூடாகிப் பிடித்துக்கொண்டது என்று அப்புறம் நான் திறந்து பார்த்தேன். படகு குறுக்கே திரும்பியது. அடுத்த அலை கவிழ்த்தது. மணல்தானே என்று சொல்வார்கள். அலை தூக்கி அடிக்கும்போது மணலும் கருங்கல்தான். பையன் நீந்திவிட்டான். மாமாவின் வலது தோளில் படகின் விளிம்பு விழுந்தது.

அந்த மணல்மேடு எங்கள் எல்லோருக்கும் தெரியும். அது மறைந்த ஆபத்தே இல்லை. என்ஜின் ஓடும்வரை அது வழியில் ஒரு மேடு. என்ஜின் நின்ற நொடியில் ஆளைக் கொல்லும் இடம். கண்ணுக்குத் தெரியாமல் இருந்தது நான் மூடி வைத்த ரப்பர். மாமா ஒரு வார்த்தை சொல்லவில்லை. மூன்று மாதம் அவர் தொழிலுக்குப் போகவில்லை. அத்தை மட்டும் ஒருநாள் டீ வைத்துவிட்டு, “ஒரு போன் பண்ணியிருந்தா அவரு அன்னிக்குப் போயிருக்கவே மாட்டாரேப்பா” என்றார்.

அதற்குப் பிறகு படகுப் பராமரிப்பையும் கடலடி ஆபத்தையும் நான் இரண்டாகப் பிரித்துப் பார்ப்பதில்லை. பையன்களுக்கும் அப்படியே சொல்லித்தருகிறேன். அதில் முக்கியமென்று நான் நினைப்பதை எழுதுகிறேன்.

கடலிலிருந்து வந்ததும் என்ஜினை நல்ல தண்ணீரில் ஓட்ட வேண்டும், பத்து நிமிஷம். வடசென்னையில் இதைச் சொல்வது சுலபமில்லை. லாரித் தண்ணீருக்குக் குடம் வரிசை போட்டு நிற்கிற வீட்டில் போய், என்ஜினுக்கு ஐம்பது லிட்டர் ஊற்று என்றால் யார் ஊற்றுவார்கள்? அதனால் குப்பத்துக்கு ஒரு நீல டிரம் என்று வழி செய்தோம். என்ஜினின் காலை டிரம்மில் இறக்கி, தண்ணீர் உறிஞ்சும் துளைக்கு மேல் வரை நிரப்பி, கியர் போடாமல் மெதுவாக ஓட்டுவது. நாலைந்து என்ஜினுக்கு ஒரே தண்ணீர். நாக்கில் வைத்துப் பார்த்து உப்புக் கரித்தால் மாற்றுவது. குளித்த தண்ணீர், அரிசி கழுவிய தண்ணீர் வேண்டாம், மழை நாளில் கூரைத் தண்ணீர் பிடித்து வையுங்கள். உப்பு உள்ளே காய்ந்தால் பாதை அடைபடும். இறுகிக் காய்ந்த உப்பை அப்புறம் தண்ணீர் ஊற்றிக் கரைப்பது கஷ்டம்.

வாரம் ஒருமுறை புரொப்பல்லரைக் கழற்றுங்கள். ஒரு பின்னை நிமிர்த்தி ஒரு நட்டைத் திருப்பினால் வந்துவிடும். தண்டைச் சுற்றி நைலான் நரம்பு சுற்றியிருக்கிறதா என்று பார்க்கத்தான். நம் கடலில் அறுந்த வலை இல்லாத இடமே கிடையாது. காசிமேட்டைச் சுற்றி விசைப்படகுகள் அறுத்துவிட்ட கயிறும் வலைப்பையும் தண்ணீருக்கடியில் தானாகவே மீன் பிடித்துக்கொண்டு மிதக்கின்றன. அந்த நரம்பு சூடாகி உருகி, தண்டின் ஆயில் சீலை அறுக்கும். வெளியே ஒன்றும் தெரியாது. கியர் ஆயில் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறும், தண்ணீர் உள்ளே போகும். கால் அடியில் இருக்கும் திருகைத் தளர்த்தி ஒரு சொட்டு எடுத்துப் பாருங்கள். தேன் நிறத்தில் இருந்தால் நல்லது. பால் ஊற்றிய டீ நிறத்தில் வந்தால் அன்றைக்குத் தொழிலுக்குப் போகாதீர்கள். புது ஆயில் போடும்போது கீழ்த் துளையிலிருந்து ஏற்றி மேல்த் துளையில் வழியும்வரை நிரப்ப வேண்டும். மேலிருந்து ஊற்றினால் காற்று அடைத்துக்கொள்ளும்.

புரொப்பல்லர் எது நல்லது என்று கேட்பவர்களுக்கு: கழிக்குள் போகிறவன் எவர்சில்வர் வாங்காதே. அலுமினியம் வாங்கு. அலுமினியம் வளையும், உடையும், விலையும் குறைவு. எவர்சில்வர் வளையாது, வாங்கிய அடியை அப்படியே கியருக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும். உடைய வேண்டியது வெளியே இருக்கிற மலிவான சாமானாக இருக்கட்டும். கொஞ்சம் வளைந்த இதழோடு “ஓடுதில்ல” என்று ஓட்டுவதும் கூடாது. அந்த நடுக்கம் பேரிங்கைத் தின்னும்.

பெட்ரோலைப் பற்றி இப்போது புதிதாக ஒரு கவலை. பங்க்கில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். எத்தனால் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். கடற்கரையில் அரைகுறையாக நிரப்பிய கேனை ஒரு மாதம் வைத்தால், ஈரம் ஒரு அளவைத் தாண்டியதும் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து அடியில் பிரிந்து நிற்கும். என்ஜின் உறிஞ்சுவது அடியிலிருந்துதான். கண்ணாடிப் பாட்டிலில் கொஞ்சம் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள், கோடு தெரியும். பழைய ரப்பர்க் குழாய்களையும் மாற்றிவிடுங்கள். மண்ணெண்ணெயில் ஓட்டுகிறவர்கள் நிறுத்துவதற்கு முன் பெட்ரோலுக்கு மாற்றி ஐந்து நிமிஷம் ஓட்டுங்கள். கார்புரேட்டரில் மண்ணெண்ணெய் நின்றால் அடுத்து இழுக்கும்போது பிடிக்காது. அடுத்து இழுப்பது முகத்துவாரத்தில் வைத்து என்றால் என்ன ஆகும் என்று மேலே எழுதிவிட்டேன்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கால்வாய் வழியாக எண்ணெய் இறங்கிக் கழியை மூடியது எல்லோரும் தொலைக்காட்சியில் பார்த்தது. படகுகள் கறுப்பாக நின்றதைக் காட்டினார்கள். அடுத்த நாலு மாதம் பட்டறைக்கு வந்ததை யாரும் காட்டவில்லை. மட்டமான ரப்பர் போட்ட இம்பெல்லர்கள் எண்ணெயில் ஊறி உப்பிப்போய்க் கிண்ணத்தில் சிக்கின. தண்ணீர் உறிஞ்சும் சல்லடையில் தார் மாதிரி கட்டி. நிவாரணக் கணக்கில் வலை இருந்தது, படகு இருந்தது, நாலு மாதம் கழித்து நிற்கப்போகும் என்ஜின் இல்லை. இதை நான் வருத்தத்தோடுதான் எழுதுகிறேன்.

இனி தண்ணீருக்கடியில் இருப்பதைப் பற்றி.

எங்கள் பக்கத்தில் அது ஒரே மாதிரி இல்லை. திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் வரை கரையோரம் தூண்டில் வளைவுகள், கடலுக்குள் நீளும் கல் சுவர்கள். மெட்ராஸ் துறைமுகத்துச் சுவர் தெற்கிலிருந்து வரும் மணலைத் தடுத்ததால் மெரினா பக்கம் மணல் சேர்ந்தது, எங்கள் பக்கம் கடல் கரையைத் தின்றது. அதைத் தடுக்கத்தான் இந்தக் கற்கள். கல் இருக்கும் இடம் எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஒவ்வொரு புயலிலும் நுனியிலிருந்து கற்கள் உருண்டு கொஞ்சம் தள்ளி விழுகின்றன. கண்ணுக்குத் தெரிகிற கடைசிக் கல்லோடு வளைவு முடிந்தது என்று எண்ணி வளைக்கக் கூடாது. அதற்கப்பால் நாலு படகு நீளமாவது விட்டு வளைக்க வேண்டும்.

கழிக்குள் மின்கோபுர வேலை நடந்த இடங்களில் கான்கிரீட் துண்டும் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியும் கிடக்கின்றன. வேலை முடித்தவர்கள் போய்விட்டார்கள். கம்பி தண்ணீருக்கு ஒரு சாண் கீழே நின்றால் வற்றத்தில்கூடத் தெரியாது. வலை கட்ட நட்ட பழைய கம்புகள் அழுகி ஒடிந்து, அடிக்கட்டை மட்டும் நிற்கும். ஆளி என்கிற சிப்பிப் படுகைகள் சேற்றின் மேல் கத்தி மாதிரி. பூண்டியைத் திறந்துவிட்ட நாட்களில் தென்னை, பனை மரங்கள் வெள்ளத்தில் வரும். நன்றாக ஊறிய மரம் மேலே மிதக்காது, அடியிலும் தங்காது, தண்ணீர் மட்டத்துக்குச் சற்றுக் கீழே வரும். வெள்ளம் வடிந்து ஒரு வாரம் வரை இரவில் கழிக்குள் போகாமல் இருப்பதே நல்லது. 2016 வர்தா புயலுக்குப் பிறகு காசிமேட்டிலும் மூழ்கிய படகுகளின் மிச்சம் இப்படித்தான் பலரைக் கடித்தது.

கண்ணால் படிப்பது எப்படி என்பதை நைனாவிடமிருந்துதான் கற்றேன். சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும்போது தண்ணீருக்குள் தெரியும், எதிரே இருந்தால் கண்ணாடிதான். காற்றில்லாத நேரத்தில் ஓரிடம் மட்டும் சிலிர்த்தால் அடியில் ஏதோ நீவாட்டைத் தடுக்கிறது. கொக்கு கால் நனைத்து நிற்கிற இடத்தில் படகு போகாது. நீர்க்காகம் உட்கார்ந்திருக்கும் குச்சிக்கு அடியில் ஒரு முழுக் கம்பமே இருக்கலாம். படகின் பின்னலையைப் பார்த்துக்கொண்டே போங்கள். ஆழம் குறையும்போது அமரம், அதாவது படகின் பின்பக்கம், கீழே அமுங்கும், பின்னலை உயர்ந்து பின்னாலேயே துரத்தும், என்ஜின் சத்தம் கனத்துப்போகும். அந்த மூன்றும் சேர்ந்து வந்தால் வேகத்தைக் குறைத்து என்ஜினைச் சாய்த்துவிட வேண்டும். சாய்வுப் பூட்டைப் போட்டுக் கட்டி வைத்திருந்தால் தட்டும்போது கால் மேலே எழும்பாது, உடைந்துதான் போகும். பின்னால் போகும்போது மட்டும் அந்தப் பூட்டு.

அடியைத் தொட்டுப் பார்ப்பதற்கு மூங்கில் கழிக்கு ஈடு இல்லை. எதிரொலிக் கருவிகள் நல்லவைதான், விலையும் முன்புபோல இல்லை. ஆனால் அது படகுக்கு நேர் கீழே இருப்பதைச் சொல்லும். தெரியும்போது நாம் மேலே ஏறிவிட்டோம். அணியத்தில், அதாவது படகின் முன்பக்கம், ஒருவன் நின்று கழியால் குத்திக்கொண்டே வந்தால் மணல் ‘சர்’ரென்று கூசும், சேறு உறிஞ்சிப் பிடிக்கும், சாம்பல் முதலில் வழுக்கிவிட்டு அப்புறம் நிற்கும். ஆழமான இடத்துக்கு ஈயக்குண்டு. அந்தக் காலத்துக் கப்பல்காரர்கள் குண்டின் அடியில் ஒரு குழி வைத்துக் கொழுப்பைத் தடவி இறக்குவார்கள், அடிமண் ஒட்டிக்கொண்டு வரும். நான் அதில் கிரீஸ் தடவுகிறேன். சாம்பல் ஒட்டினால் விரலில் தேய்த்தாலே தெரிந்துவிடும்.

துறைமுகத்துப் பக்கம் போகிறவர்கள் மிதவைகளைத் தெரிந்துகொள்ளுங்கள். கடலிலிருந்து உள்ளே வரும்போது சிவப்பு இடது கைப்பக்கம், பச்சை வலது கைப்பக்கம். கறுப்பு சிவப்பு கறுப்பு பட்டையோடு உச்சியில் இரண்டு கறுப்பு உருண்டை இருந்தால் அதன் கீழேயே ஆபத்து நிற்கிறது, சுற்றிலும் தள்ளிப் போகலாம், கிட்டப் போகக் கூடாது. டேராடூனில் இருக்கும் கடற்படை நீர்நிலவியல் அலுவலகம் கடல் வரைபடங்கள் போடுகிறது. கப்பலுக்கு அது போதும். மாதத்துக்கு மாதம் மாறும் கழியின் அடி அதில் எப்படி இருக்கும்?

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கழிக்குள் நாம் தட்டுவது கல்லையும் கம்பியையும் மட்டும் அல்ல. இருளர் மக்கள் கழுத்தளவுத் தண்ணீரில் நின்று, முழுகி முழுகிக் கையால் இறால் தடவுகிறார்கள். தலை மட்டும்தான் வெளியே இருக்கும், சில நேரம் அதுவும் இருக்காது. பானையோ கூடையோ மிதந்தால் அருகில் ஆள் இருக்கிறார் என்று பொருள். அங்கே என்ஜினை நிறுத்திவிட்டு மூங்கில் கழி ஊன்றிப் போங்கள். நிறுத்துக் கயிற்றை மணிக்கட்டில் மாட்டிக்கொள்ளுங்கள், நீங்கள் தடுமாறி விழுந்தாலும் என்ஜின் அணைந்துவிடும். அந்தச் சுருள் கயிறு பாதிப் படகுகளில் நிரந்தரமாக முடிச்சுப்போட்டே கட்டியிருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்கும்.

நங்கூரம் அணியத்தில் கயிறு சிக்கில்லாமல் தயாராக இருக்கட்டும், வலைக்கு அடியில் அல்ல. என்ஜின் நின்றால் முதலில் ஸ்டார்ட்டர் கயிற்றை இழுத்துக்கொண்டே இருக்காதீர்கள். முதலில் நங்கூரம். தண்ணீர் ஆழத்தைப்போல் ஐந்து மடங்கு கயிறாவது விட்டால்தான் பிடிக்கும். பிடித்ததும் அணியம் அலையைப் பார்த்துத் திரும்பிவிடும். அப்புறம் பிளக்கைப் பாருங்கள். மாமாவின் படகில் அன்று நங்கூரம் இருந்தது, மீன் பெட்டிக்கு அடியில்.

தட்டிவிட்டால் வந்ததும் படகைக் கவிழ்த்து ஒரு ரூபாய் நாணயத்தால் தட்டிக்கொண்டே போங்கள். ‘டங்’ என்று கேட்கும் இடம் நல்லது. ‘தொப்’ என்றால் ஃபைபர் அடுக்குக்குள் பிரிந்துவிட்டது, மேலே நட்சத்திரம் மாதிரி மெல்லிய விரிசல்தான் தெரியும். பிரிந்த இடம் முழுவதையும் சாய்வாகச் சீவி எடுத்து, இரண்டு நாள் காயவிட்டு, அப்புறம்தான் கண்ணாடியிழை மேட்டும் ரெசினும். ஈரத்தின் மேல் ஒட்டினால் அடுத்த அலையில் தகடாக வரும். ஹார்டனர் நூற்றுக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு. சித்திரை வெயிலில் மத்தியானம் கலக்கினால் தடவுவதற்குள் டப்பாவிலேயே கல்லாகிவிடும், காலை ஆறு மணிக்குக் கலக்குங்கள்.

அந்தக் குறிப்புகளுக்கு வருகிறேன். மாமா விபத்துக்குப் பிறகு எல்லாவற்றையும் ஒரு படமாக வரைய நினைத்தேன். பெரிய தாள் கிடைக்கவில்லை. கல்யாண ஃப்ளெக்ஸ் ஒன்றைத் திருப்பி, அதன் வெள்ளை முதுகில் மார்க்கரால் கழியை வரைந்தேன். பள்ளிக்கூடத்துப் படம் மாதிரி வடக்கை மேலே வைத்தேன். ஒருவருக்கும் புரியவில்லை. எங்கள் பேச்சில் கடல் கீழண்ட, கரை மேலண்ட. கிழக்கு என்றாலே கீழ்தானே, தண்ணீர் ஓடி இறங்குகிற பக்கம். இரண்டாவது ஃப்ளெக்ஸில் மேற்கை மேலே வைத்து, கடலை அடியில் வைத்து வரைந்தேன். அன்றைக்கே நாலு பேர் வந்து விரலை வைத்துத் திருத்திவிட்டுப் போனார்கள். புரொப்பல்லர் போன இடம் சிவப்புப் புள்ளி, இம்பெல்லர் தேய்ந்த வழி கறுப்புக் கோடு, வலை சிக்கிய இடம் பச்சை. ஒவ்வொரு ஐப்பசி கார்த்திகை மழைக்கும் பிறகு முகத்துவாரம் இடம் மாறுகிறது. தை மாதம் புது ஃப்ளெக்ஸ். இப்போது மாட்டியிருப்பது பத்தாவது.

செவ்வாய்க்கிழமை வந்த பையனை அதன் முன்னால் நிறுத்தினேன். ரொம்ப நேரம் பார்த்தான். பாலத்தின் மூன்றாவது தூணைத் தொட்டு, அங்கிருந்து விரலைக் கீழே இறக்கி, ஒரு இடத்தில் வைத்தான். சிவப்பு வைக்கப்போனேன்.

மாமா வாசலில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். இப்போதெல்லாம் வெயில் ஏறினால் பட்டறைக்கு வந்துவிடுவார். வலது கை தோளுக்கு மேலே தூக்க வராது. எழுந்துவந்து புரொப்பல்லரைக் கையில் வாங்கி, கடிபட்ட பிறையில் கட்டைவிரலை ஓட்டினார்.

“கல்லு இல்ல இது. கம்பி. எந்தப் பக்கம் திரும்பிக்கினு இருந்த?”

“கோபுரத்தப் பாத்தாப்புல, மாமா.”

“வெள்ளம் ஏறிக்கினா, வடிஞ்சிக்கினா?”

“வடிஞ்சிக்கினு இருந்துச்சு.”

“அப்போ தண்ணி உன்னக் கீழண்ட தள்ளியிருக்கும். நீ நெனச்ச எடத்துல நீ இல்ல.” இடது கையால் பையனின் விரலைப் பிடித்து இரண்டு அங்குலம் கீழே நகர்த்தினார். “இங்க.”

அங்கே புள்ளி வைத்துத் தேதி எழுதினேன். பையன் புது அலுமினியம் மாட்டிக்கொண்டு, கியர் ஆயிலும் பார்த்துக்கொண்டு கிளம்பினான். மூலையில் கிடந்த ஐந்து லிட்டர் வெள்ளை கேன் ஒன்றையும், ஒரு செங்கல்லையும், நாலு பாகம் (விரித்த இரு கை அளவு ஒரு பாகம்) கயிறும் எடுத்து வண்டியில் போட்டேன். கேனில் ஏற்கெனவே கறுப்பு பெயின்ட்டில் பட்டை அடித்து வைத்திருந்தேன். வடிகிற நேரம் பார்த்து மூங்கிலால் தடவி, கம்பியைக் கண்டுபிடித்து, அதன் மேலேயே கட்டச் சொன்னேன்.

ராத்திரி எட்டு மணிக்குப் போன் வந்தது. “கெடச்சிருச்சுண்ணா. ஒண்ணு இல்ல, மூணு.”

இன்னும் இரண்டு கேன் தேட வேண்டும்.